சிறு மகசூல்

சர்க்கார் பாஷையில் சில வார்த்தைகள் இருக்கின்றன. தினந்தோறும் காதில் விழுந்து விழுந்து அவை பழகிப் போய்விடுவதால், அவற்றுக்கு அர்த்தம் என்ன என்று நாம் நின்று யோசிப்பதில்லை. "சிறு வன மகசூல்" என்பது அவற்றில் ஒன்று. காட்டிலாகாக் கணக்கிலே தேக்கு, ஈட்டி, வேங்கை, விறகு எல்லாம் பெரிய மகசூல். பாக்கி இருப்பதெல்லாம் சிறு மகசூல். பாக்கி என்றால் என்னென்ன? தேன், மெழுகு, புளி, கடுக்காய், நெல்லிக்காய், சீகைக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, பிசின், நன்னாரி வேர், துடைப்பப் புல். ஜாபிதாவைப் படித்துக்கொண்டே போனால் பாதி மளிகைக் கடையும் முழு நாட்டு மருந்துக் கடையும் அதில் அடங்கிவிடும். மரத்தை வெட்டினால் பெரிது. மரத்தை நிற்கவிட்டு அதன் கீழே விழுந்ததைப் பொறுக்கினால் சிறிது! இந்தப் பெரிது சிறிது யாருடைய அளவு என்ற சந்தேகம் எனக்கு முதன்முதலில் உண்டானது ஒரு பஸ் பிரயாணத்தில்.

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குப் போகிற பஸ். புலிகள் காப்பகம் என்ற பெயர் அந்தக் காட்டுக்கு 2013-ல்தான் வந்தது. நான் சொல்வது அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு. பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப் பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்மேல் சாய்வார். அடுத்த வளைவில் நான் அவர்மேல் சாய்வேன். இப்படி நாலு வளைவு கழிந்த பிறகு இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பது மரியாதை அல்ல. அவர் காலடியில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது.

"மூட்டையிலே என்ன பெரியவரே?" என்று கேட்டேன்.

"கடுக்காய் சாமி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கடுக்காய் மேலே விளைகிற சரக்கு. கீழே விலை போகிற சரக்கு. அது கீழேயிருந்து மேலே போவானேன்? கேட்டேன். காலையில் கீழே கொண்டுபோனாராம். வியாபாரி கையை விட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கிறது" என்று எடையில் ஒரு பங்கு தள்ளினானாம். பெரியவர் மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னும் ஒரு வாரம் வெயில்லே போட்டா காய் காஞ்சிடும். அவன் தராசு காயுமா சாமி?" என்றார்.

இந்தப் பெரியவரிடம் பின்னால் வருகிறேன். முதலில் அந்த மூட்டையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம்.

கடுக்காய் நமக்குத் தெரியாத வஸ்து அல்ல. திரிபலையில் ஒரு பலம் அது. பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால் பாட்டிமார் முதலில் தேடுவது அதைத்தான். பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து அரைக்கும்போது வெல்லத் தண்ணீரோடு கடுக்காய் ஊறின தண்ணீரையும் சேர்ப்பார்கள்; கண்ணாடி போல வழவழப்பாக நிற்கும் அந்தச் சுவர்களில் இன்றும் முகம் பார்க்கலாம். கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைப் போட்டால் கறுத்துப் போகும். அதுதான் அந்தக் காலத்து மசி. ஊர்க் கணக்குகளை எல்லாம் கறுப்பாக எழுத வைத்த காய், தன்னைப் பொறுக்கினவனுடைய கணக்கை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் காய் உலகம் சுற்றின கதை ஒன்று இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து சித்திரத் துணி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. பாரிஸிலும் லண்டனிலும் சீமாட்டிகள் அதற்காக உயிரை விட்டார்கள். அங்கே உள்ள நெசவாளிகள் கூச்சல் போட்டதால் அந்தத் துணியைத் தடை செய்து சட்டங்கள்கூடப் பிறந்தன. அந்தச் சாயம் எப்படித் தோய்த்தும் போகாமல் நிற்கிறது என்ற ரகசியம் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே இருந்தார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று பிற்பாடு எழுதியவரும் இவரே. சித்திரத் துணி எழுதும் தொழிலாளிகள் சிலர் அவரிடம் மதம் மாறினவர்கள். அவர்களை ஒவ்வொன்றாக விசாரித்து, செய்முறையை எல்லாம் 1742-ல் கடிதமாக எழுதித் தம் தேசத்துக்கு அனுப்பினார். அதில் முதல் காரியமே கடுக்காய்தான். துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறினால்தான் இரும்புக் கறுப்பு பிடிக்கும். பாலின் கொழுப்பு இருந்தால்தான் மை பரவாமல் கோடு கோடாக நிற்கும். பாதிரியாருக்கு அந்தக் காய்க்குத் தம் பாஷையில் பேர் இல்லை. நம் தமிழ்ப் பேரையே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்தார்.

தொழில் உளவு என்று இதை இப்போது சொல்வார்கள். அது கிடக்கட்டும். எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது தோன்றியது வேறு. சித்திரம் எழுதினவனை விசாரித்தார். சாயம் காய்ச்சினவனை விசாரித்தார். கடுக்காய் எந்த மலையிலிருந்து வந்தது, அதை யார் பொறுக்கினார்கள் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. அது கடையில் கிடைக்கிற சாமான். கடைக்கு எப்படி வந்தது என்பது யாருக்கு வேண்டும்?

சித்திரத் துணி வியாபாரம் மான்செஸ்டர் ஆலைகளால் படுத்தது. ஆனால் கடுக்காய் படுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குப் புதிய எஜமான் கிடைத்தான்: தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், சென்னைச் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் தோல் ஷாப்புகள் பெருகின. ஆவாரம் பட்டைத் தொட்டியில் ஊறின தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். தோலுக்கு வெளிர் நிறமும் கனமும் வரும். பிறகு எண்ணெய் பூசிக் கப்பலேற்றுவார்கள். லண்டன் சந்தையில் இந்தச் சென்னைத் தோலுக்கென்று தனி மதிப்பு இருந்தது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இங்கிருந்துதான் மேல் தோல் போயிற்று. பிரான்சின் சேற்றில் நடந்த பூட்ஸில் ஜவ்வாது மலைக் கடுக்காயின் துவர்ப்பும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பிறகு குரோம் வந்தது. 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பு வைத்துத் தோல் பதனிடும் பரீட்சையைத் தொடங்கினார். மாதக் கணக்கில் ஆகிற வேலை நாள் கணக்கில் முடிந்தது. குரோம் தோல் தொழிற்சாலை ஒன்று சென்னைக்குத் தெற்கே ஏற்பட, அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்று பெயர் நிலைத்துவிட்டது. மின்சார ரயிலில் போகும்போது எத்தனையோ தடவை அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறோம். கடுக்காய்ப்பேட்டை என்று ஓர் ஊர் இல்லை.

கடுக்காய் உடனே ஒழிந்து போகவில்லை. பட்டைத் தோலும் குரோம் தோலும் பல வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. ஆனால் மலையில் இருப்பவனுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். லண்டனில் விலை ஏறினால் அவனுக்குத் தெரியாது. விலை இறங்கினால் மட்டும் அன்றே தெரியும். வியாபாரி வந்து சொல்வான்.

மலையில் இருப்பவனுக்கு அந்தக் காட்டில் என்ன பாத்தியதை? இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1856-ஆம் வருஷம் சென்னை ராஜதானியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடிற்று. அதே வருஷம் ராஜதானிக்குக் காட்டிலாகா ஏற்பட்டு, கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் அதற்குத் தலைவரானார். தண்டவாளத்துக்குக் குறுக்குக் கட்டை வேண்டும். கட்டைக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் காவல் வேண்டும். இரண்டு காரியங்களும் ஒரே வருஷத்தில் நடந்ததைத் தற்செயல் என்று சொன்னாலும், உறவு இல்லை என்று சொல்ல முடியாது. கிளெக்ஹார்ன் கெட்டவர் அல்ல. காடு கண்ணெதிரே அழிகிறதே என்று உண்மையாகவே கவலைப்பட்டவர். கவலைப்பட்டவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது மலை ஜனங்கள் காட்டைச் சுட்டுப் பயிர் செய்வதுதான். 1860-ல் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. ரயிலுக்காக மரம் வெட்டின கோடாலிகளை அடக்குவதைவிட, ராகி விதைத்தவர்களை அடக்குவது சுலபமாக இருந்திருக்கும். பயிர் குறைந்தால் மனிதன் என்ன செய்வான்? காட்டிலே பொறுக்குவதை அதிகப்படுத்துவான். அப்படித்தான் ஆயிற்று.

ஒரு விசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். காடுகளை எல்லாம் சர்க்கார் சொத்தாக்க வேண்டும் என்று வடக்கேயிருந்து சட்டம் வந்தபோது, சென்னை ரெவினியூ போர்டு மறுத்தது. இந்த ராஜதானியில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அநேகமாக இல்லை, ஜனங்களுக்கு அதில் அனுபவ பாத்தியதை உண்டு, அதைச் சர்க்கார் பறிப்பது நியாயமல்ல என்று 1871-ல் எழுதி வைத்தார்கள். எழுதினவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள்தாம்! 1878-ஆம் வருஷத்து இந்தியக் காட்டுச் சட்டம் அதனால்தான் சென்னைக்கு வரவில்லை. ஆனால் வேறு விதமாக வந்தது. பிராண்டிஸ் என்கிற ஜெர்மானிய நிபுணர் சென்னைக்கு வந்து ஆலோசனை சொல்ல, 1882-ல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தில் பாத்தியதைக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு காட்டை ரிசர்வ் ஆக்குமுன் விளம்பரம் செய்ய வேண்டும். ஜனங்களின் பாஷையிலேயே விளம்பரம் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும். அதற்குள் உரிமை கோருகிறவர்கள் காட்டு செட்டில்மெண்ட் ஆபீஸர் முன்பு எழுத்து மூலமாகவோ நேரில் வந்தோ சொல்லலாம். சொல்லாவிட்டால் உரிமை அற்றுப் போகும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நோட்டீஸ் தாலுகாக் கச்சேரிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். கடுக்காய் பொறுக்குகிறவன் கச்சேரியிலிருந்து இரண்டு நாள் நடைத் தூரத்தில், எழுத்து என்று ஒன்று இருப்பதையே அறியாமல் இருப்பான். தவணை முடிந்த மறுநாளும் அவன் வழக்கம்போல மரத்தடிக்குப் போயிருப்பான். மரம் அவனுக்கு ஒன்றும் சொல்லியிராது.

கீழ்நாட்டு ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மேய்ச்சல் வரிக்காக 1921-ல் பல்நாட்டில் நடந்த காட்டு சத்தியாக்கிரகம் சரித்திரப் பிரசித்தம். ஆடுமாடு உள்ளவனுக்குக் கட்சி இருந்தது. தேன் எடுக்கிறவனுக்குக் கட்சி இல்லை.

ரிசர்வ் ஆன பிறகு சிறு மகசூலை என்ன செய்வது? சர்க்கார் சிப்பந்திகள் நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஏலம். இந்தக் காட்டின் கடுக்காய் இத்தனை வருஷத்துக்கு இன்னாருக்கு என்று குத்தகை விடுவார்கள். குத்தகைக்காரர் கீழே டவுனில் இருப்பவர். அவருக்கு மரம் ஏறத் தெரியாது. எந்தச் சரிவில் எந்த மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறது என்றும் தெரியாது. தெரிந்தவன் மலையில் இருக்கிறான். நேற்று வரையில் தன் காட்டில் தான் பொறுக்கினவன், இன்று முதல் குத்தகைக்காரருடைய காட்டில் கூலிக்குப் பொறுக்குகிறவன் ஆனான். வேலை அதுவேதான், பேர் மாறிவிட்டது.

கூலி எப்படி? பஞ்ச காலத்தில் அரிசி, கம்பளி, உப்பு, புகையிலை முன்பணமாக வரும். சரக்கு வந்ததும் கழித்துக்கொள்வார்கள். முன்பணம் எழுதின கணக்கும் குத்தகைக்காரருடையது. சரக்கு நிறுத்த தராசும் அவருடையது. அந்தக் காலத்து வீசையும் மணங்கும் போய் 1960-ஐ ஒட்டிக் கிலோ வந்தது. தராசு மாறிற்று, தராசு பிடித்த கை மாறவில்லை.

சர்க்காரே நேராக வாங்கின இடங்களும் உண்டு. ஆனைமலைக் காடர்களைப் பற்றித் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட புத்தகத்தில், அவர்கள் கொண்டுவரும் சரக்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்: கடுக்காய், மெழுகு, தேன், ஏலக்காய், இஞ்சி, குங்கிலியம், மஞ்சள், மான் கொம்பு, யானைத் தந்தம், பிரம்பு. இந்த ஜாபிதாவையும் "சிறு" என்றுதான் எழுதினார்கள். யானைத் தந்தத்தைச் சிறிது என்று எழுதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்!

தேனைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசை. கொசுத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், மலைத்தேன் என்று மலை ஜனங்கள் பேர் பிரித்துச் சொல்வார்கள். மலைத்தேன்தான் பெரிய வரும்படி. செங்குத்தான பாறையில் அடை அடையாகத் தொங்கும். பெருந்தேனீ, கொட்டினால் ஜுரம் வரும், கூட்டமாகக் கொட்டினால் பிராணன் போகும். சித்திரை, வைகாசியில் பாறைத் தலையிலிருந்து கொடியால் பின்னின ஏணியைக் கீழே விடுவார்கள். ஒருவன் புகைப்பந்தத்தோடு இறங்குவான். மேலே ஏணியைக் காத்து நிற்பது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காடர்களில் மனைவி அல்லது மகன் நிற்பான் என்று தர்ஸ்டன் எழுதுகிறார். நீலகிரிக் குறும்பர்களில் மைத்துனன் நிற்பான். உடன்பிறந்தவன் நிற்பதில்லை. ஏணியை அறுத்துவிட்டால் பங்காளிக்கு லாபம் இருக்கலாம். மைத்துனனுக்கு என்ன இருக்கிறது? தன் தங்கையே அல்லவா தாலி அறுப்பாள்! மனுஷ சுபாவத்தை இத்தனை கச்சிதமாகக் கணக்கிட்டு வைத்தவர்களைத்தான் கணக்குத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தேன் மட்டுமல்ல, வருஷம் முழுவதுக்குமே அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ராகி அறுப்பு முடிந்து களஞ்சியத்தில் தானியம் இருக்கும் காலத்தில் நெல்லியும் கடுக்காயும் முதிர்கின்றன. தை, மாசியில் துடைப்பப் புல். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உருட்டி வைப்பார்கள். இது முழுக்கப் பெண்கள் வேலை. தானியம் தீர்ந்து அடுத்த மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சித்திரை, வைகாசியில் தேன். நன்செய்க்காரனுக்கு வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ காசு வருகிறது. இவர்களுக்குச் சிறிது சிறிதாக, ஆனால் வேண்டிய மாதத்தில் வருகிறது. உப்பு, துணி, மருந்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இந்தக் காசில்தான். பெரிய மகசூல் ஆன தேக்கும் ஈட்டியும் விழுந்தால் பணம் கஜானாவுக்குப் போகும். மலைக் குடிசைக்குள் போகிற பணம் சிறு மகசூல் பணம் ஒன்றுதான்.

சுதந்திரம் வந்த பிறகு குத்தகைக்காரரை நடுவிலிருந்து அகற்றப் பல முயற்சிகள் நடந்தன. 1956-ல் ஆந்திரத்தில் கிரிஜனர் கூட்டுறவுக் கார்ப்பரேஷன் விசாகப்பட்டினத்தில் ஏற்பட்டது. மத்தியப் பிரதேசம் 1964-ல் பீடி இலை வியாபாரத்தையே சர்க்கார் வசம் எடுத்துக்கொண்டது. இந்தப் பீடி இலைக்கும் நமக்கும் ஒரு பந்தம் இருக்கிறது. வெயில் காலத்தில் மத்தியப் பிரதேசக் காட்டில் ஒரு கோண்டுப் பெண் விடியுமுன் போய் இலையைக் கிள்ளி ஐம்பது ஐம்பதாகக் கட்டுகிறாள். அந்த இலையை முறத்தில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரக் கணக்கில் சுற்றுகிறாள். இருவருக்கும் எண்ணிக்கைக் கூலி. கட்டு சரியில்லை என்று அங்கே கழிக்கிறார்கள். பீடி சரியில்லை என்று இங்கே கழிக்கிறார்கள். பாஷை தெரிந்திருந்தால் இரண்டு பேரும் மணிக் கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் 1970-களிலிருந்து மலைவாழ் மக்களுக்குப் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. விதை, கடன், ரேஷன், மகசூல் கொள்முதல் எல்லாம் ஒரே கூரையின் கீழே. நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கம் என்பது அதன் காரியதரிசியைப் பொறுத்தது. நல்லவர் வாய்த்த இடத்தில் நல்ல விலை கிடைத்தது. மற்ற இடங்களில் சங்கம் ஏலம் எடுக்க, சங்கத்திடமிருந்து பழைய வியாபாரியே எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "சங்கத்துக்குப் போடக் கூடாதா?" என்று நான் கேட்டதும் அவர் சிரித்ததை என்னால் இங்கே எழுத முடியவில்லை.

இந்த மலைக்கு மறு பக்கத்தில், மைசூர்ச் சீமையைச் சேர்ந்த பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் இருக்கிறார்கள். சத்தியமங்கலத்துச் சோளகர்களுக்கு உறவுமுறைக்காரர்கள்தாம். அங்கே வீட்டுக்கு வீடு போய் விசாரித்த ஆராய்ச்சிக்காரர்கள் 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: அவர்களுடைய ரொக்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இந்தச் சிறு மகசூலிலிருந்து வருகிறது. பாதி வருமானத்துக்குப் பேர் சிறிது!

அங்கே நடந்த இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நெல்லி மரங்கள் குறைகின்றன, காயும் குறைகிறது, ஜனங்கள் கண்டபடி கிளையை ஒடித்துப் பறிப்பதுதான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. சோளகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "காரணம் புல்லுருவி" என்றார்கள். நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறி உயிரை உறிஞ்சுகிறது. முன்பெல்லாம் ஏன் ஏறவில்லை? வருஷா வருஷம் கோடையின் ஆரம்பத்தில் தாங்கள் சருகுக்கு மட்டும் நெருப்பு வைப்பது வழக்கம். அந்தத் தீ தரையோடு ஓடிப் புல்லுருவியைக் கருக்கும், பெரிய மரத்துக்கு ஒன்றும் செய்யாது. 1974-ல் சரணாலயம் என்று விளம்பரமான பிறகு நெருப்பு வைக்கக் கூடாது என்று தடுத்தார்கள், புல்லுருவி பெருகிற்று, சருகு சேர்ந்து சேர்ந்து, பற்றினால் காட்டையே கொளுத்துகிற பெருந்தீயும் வந்தது. இதுதான் அவர்கள் வாதம். ஆராய்ச்சிக்காரர்கள் நெல்லி மரங்களை எண்ணிப் பார்த்தபோது, புல்லுருவி ஏறின மரங்கள் காய் குறைந்து பட்டுப் போவது நிஜமாகவே இருந்தது. பறிப்பது ஒரு தீங்கும் செய்யாது என்று நான் வாதாட வரவில்லை. விலைக்கு ஆசைப்பட்டு, பழுக்குமுன் காயை உதிர்த்து, கிளையை ஒடித்துக் கெடுத்த இடங்களும் எத்தனையோ உண்டு. இந்த வருஷம் குத்தகை, அடுத்த வருஷம் யாருக்கோ என்று இருந்தால் மரத்தின்மேல் யாருக்குத்தான் தயவு இருக்கும்?

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2002-ல் திருத்தினார்கள். அதன்படி சரணாலயத்திலிருந்து சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்றாயிற்று. கடுக்காயைச் சொந்த உபயோகத்துக்கு எத்தனைதான் தின்ன முடியும்? பிளிகிரி ரங்கன் மலையில் கொள்முதல் நின்றது. பாதி வருமானம் போன வீடுகளிலிருந்து ஆண்பிள்ளைகள் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள்.

அப்புறம் 2006-ல் வன உரிமைச் சட்டம். காட்டில் குடியிருப்பவர்களுக்குச் சரித்திரத்தில் இழைக்கப்பட்ட அநியாயம் என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிற சட்டம். சிறு வன மகசூலுக்குச் சொந்தக்காரர்கள் அவர்களே என்று அதில் எழுதியிருக்கிறது. மூங்கில், தேன், பீடி இலை எல்லாம் சேர்த்து. 1882-ன் நோட்டீஸுக்கு 124 வருஷம் கழித்துப் பதில்! தமிழ்நாட்டில் அந்தப் பதிலும் சீக்கிரம் வந்து சேரவில்லை. 2008-ல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு; பட்டயம் கொடுப்பதற்குத் தடை; 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கின பிறகுதான் காகிதங்கள் நகர ஆரம்பித்தன. பிளிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு, அது புலிகள் காப்பகம் ஆன 2011-லேயே, சமுதாய உரிமை கிடைத்தது. 2013-14-ல் மத்திய சர்க்கார் சிறு மகசூலுக்கும் குறைந்தபட்ச ஆதார விலை ஏற்படுத்தியது. தேன், புளி, கடுக்காய் மூன்றும் அந்த ஜாபிதாவில் இருந்தன. கோத்தகிரிப் பக்கத்தில் பழங்குடியினரே பங்குதாரர்களாகச் சேர்ந்து ஆதிமலை என்ற பேரில் 2013-ல் ஒரு கம்பெனி வைத்தார்கள். தேனைத் தாங்களே வடிகட்டி, தாங்களே புட்டியில் அடைத்து, தாங்களே விலை போட்டு விற்கிறார்கள். 2021-ல் அதற்கு ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பரிசு ஒன்றும் கிடைத்தது. தராசு அவர்கள் கைக்கு வந்த இடம் என்று அதைச் சொல்லலாம். அப்படிப்பட்ட இடங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை.

பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பெரியவரிடம் திரும்ப வேண்டும். திம்பம் தாண்டியதும் குளிர்ந்த காற்று அடித்தது. அவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போக ஒரு லக்கேஜ், வர ஒரு லக்கேஜ். கண்டக்டருக்குத்தான் இன்னிக்கு லாபம்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நானே வாங்கிக்கொள்கிறேனே. கிலோ என்ன விலை போடலாம் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சாமி. வெலை சொல்றது எப்பவும் வாங்குறவங்கதானே?"

நான் விழித்தேன். எனக்கு அதன் விலை தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கொடுப்பார்கள். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அது கிலோ என்ன விலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆசனூருக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்குமுன் மூட்டையின் வாயைத் தளர்த்தி, ஐந்தாறு காய்களை எடுத்து என் கையில் வைத்தார். பணம் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பெரியவர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூங்கில்களுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து போனார்.

அந்தக் காய்கள் சில நாள் என் மேஜைமேல் இருந்தன. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்துதான் இருந்தது.